ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஃபின்டெக்கில் முனைவர் பட்டம்: முழுமையான வழிகாட்டி

ஃபின்டெக்கில், அதாவது நிதிச் சேவைகளுக்கான தொழில்நுட்பத்தில், பிஎச்.டி. செய்ய நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எந்த யுனிவர்சிட்டி நல்லது?" என்றுதான். தொண்டியில் வங்கி வேலையில் இருப்பவரும் இதையே கேட்பார், கீழக்கரையில் எம்.காம். முடித்த பெண்ணும் இதையே கேட்பார். அதை நான்காவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். எதை ஆராயப் போகிறோம், எந்தத் துறையில், யாரிடம் என்ற மூன்றும் தெளிந்துவிட்டால் பல்கலைக்கழகம் தானாகவே இரண்டு மூன்று பெயர்களுக்குள் சுருங்கிவிடும். தலைகீழாகப் போகிறவர்கள் இரண்டாம் ஆண்டில் "தலைப்பை மாத்திக்கலாமா சார்" என்று நெறியாளர் அறை வாசலில் நிற்க வேண்டிவரும்.

அதற்கும் முன்னால், இந்தப் பட்டம் எதற்கு என்று ஒருமுறை யோசித்துவிடுங்கள். கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி குறைந்தபட்சத் தகுதியாகப் போதும் என்று 2023-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி திருத்திவிட்டது. பேமெண்ட் நிறுவனங்களில் வேலை வேண்டுமென்றால் பிஎச்.டி. செய்யும் நாலைந்து ஆண்டுகளில் அங்கேயே அனுபவம் சேர்ப்பதுதான் லாபம். ஒரே கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் உட்காரப் பொறுமை உள்ளவர்களுக்கும், ஆராய்ச்சியையே தொழிலாக்க நினைக்கிறவர்களுக்கும்தான் இது.

ஃபின்டெக் என்பது துறையின் பெயர் இல்லை

நம் பல்கலைக்கழகங்களில் உங்கள் பட்டம் பெரும்பாலும் வணிகவியல், மேலாண்மை, பொருளியல், கணினி அறிவியல் ஆகியவற்றில் ஒன்றில்தான் வரும். ஃபின்டெக் உங்கள் ஆய்வுக்களமாக இருக்கும். எனவே முதுகலையில் என்ன படித்தீர்கள் என்பதோடு, கேட்க நினைக்கும் கேள்வி எந்தத் துறைக்குச் சொந்தம் என்பதையும் பார்க்க வேண்டும். 'யுபிஐ வந்த பிறகு மீனவக் குடும்பத்தின் கடன் குறைந்ததா?' என்பது பொருளியல். 'வங்கி இந்தக் குடும்பத்தின் கடன் தகுதியை எப்படி மதிப்பிடலாம்?' என்றால் வணிகவியலும் மேலாண்மையும். 'மோசடிப் பரிவர்த்தனையை நொடியில் கண்டுபிடிக்கும் மாதிரி' என்றால் கணினி அறிவியல். அங்கே கணிதம் பலமாக இருக்க வேண்டும், கேட் (பொறியியல், கணினி முதுகலைக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண்ணும் உதவும்.

கேள்வியைப் பிடிப்பது

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆறு மாதம் ஆனாலும் பாதகமில்லை.

முதல் வேலையாக, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தைத் திறந்து, தமிழகப் பல்கலைக்கழகங்களில் டிஜிட்டல் பணப்பரிமாற்றம் பற்றி வந்த ஆய்வேடுகளைத் தேடுங்கள். ஒரே அச்சில் வார்த்த தலைப்புகள் வரிசைகட்டும்: 'இன்ன மாவட்டத்தில் டிஜிட்டல் பேமெண்ட் குறித்த விழிப்புணர்வும் திருப்தியும்'. உள்ளே போனால் 384 பேரிடம் ஐந்து புள்ளி அளவுகோலில் கேள்வித்தாள், 1989-இல் ஃபிரெட் டேவிஸ் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, எஸ்பிஎஸ்எஸ் புள்ளியியல் மென்பொருளின் அட்டவணைகள். முடிவில் 'விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்' என்ற பரிந்துரை.

அந்த 384 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1970-இல் கிரெச்சியும் மார்கனும் வெளியிட்ட மாதிரி அளவு அட்டவணையின் கடைசி எண் அது. மக்கள்தொகை பத்து லட்சம் என்றால் 384 பேர் போதும் என்பது கணக்கு. ஆனால் எல்லோருக்கும் சம வாய்ப்பு தரும் எளிய வாய்ப்பு மாதிரியை எடுத்திருந்தால் மட்டுமே அது செல்லும். பஸ் ஸ்டாண்டிலும் கல்லூரி வாசலிலும் அகப்பட்டவர்களைப் பிடித்து 384 ஆக்கினால் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் கிடையாது. 2023 ஆகஸ்டிலேயே நாட்டில் மாதத்துக்கு 1,000 கோடி யுபிஐ பரிவர்த்தனைகள் தாண்டிவிட்டன. தங்கச்சிமடம் டீக்கடையில் ஜிபே சத்தம் கேட்கும் காலத்தில் 'விழிப்புணர்வு உண்டா?' என்று கேட்பதை எந்த நல்ல நெறியாளரும் ஊக்குவிக்க மாட்டார்.

நம் கரை தருகிற கேள்விகள் இதைவிடக் கனமானவை.

தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதாவது ஒரே ஊரில் வருமானம் நின்றுபோன குடும்பமும் நிற்காத குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குமரியின் மேற்குக் கரையில் அதே தடை வேறு தேதியில் வருகிறது. நிவாரணப் பணம் வங்கிக் கணக்குக்கு வருவதும், நகை அடகுக்குப் போவதும், குழு லோன் தவணை தவறுவதும் எந்த வாரத்தில் நடக்கின்றன? போனில் பணம் அனுப்பும் வசதி உள்ள குடும்பம் இந்த இரண்டு மாதத்தை வேறு மாதிரி சமாளிக்கிறதா? இதை ஒப்பீட்டு ஆய்வாக வடிவமைக்கலாம். ஆனால் வாய்மொழித் தேர்வில் உங்களை மடக்கும் கேள்விகள் இரண்டு. தடை ஆண்டுதோறும் தெரிந்தே வருவதால் குடும்பங்கள் முன்கூட்டியே தயாராகும். அது எதிர்பாராத அதிர்ச்சி ஆகாது. தவிர, விசைப்படகு நிற்கும்போது மீன் விலை ஏறி நாட்டுப்படகுக்காரரின் வருமானம் கூடலாம். எனவே அவரைத் தடையால் பாதிக்கப்படாத ஒப்பீட்டுக் குழு என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் பதிலை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதி வைப்பவரை நேர்காணல் குழு சும்மா அனுப்பாது.

அடுத்தது முன்பணம். வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடமோ கம்பெனிக்காரரிடமோ முன்பணம் வாங்கியவர், பாட்டை (பிடித்து வந்த மீனை) அவரிடமே போட வேண்டும். வட்டி என்று தனியாக எதுவும் எழுதப்படுவதில்லை. கமிஷனிலும் விலையிலும் அது கழிந்துவிடும். மீன்வளத் துறைக்கும் விரிவாக்கப்பட்ட கிசான் கிரெடிட் கார்டில் குறித்த காலத்தில் கட்டினால் 4 சதவீத வட்டிக்குக் கடன் கிடைக்கும் என்கிறபோது, முன்பணம் ஏன் இன்னும் நிற்கிறது? வியாபாரி யுபிஐயில் பணம் போடத் தொடங்கினால் மீனவரின் வருமானத்துக்கு ஒரு பதிவு உருவாகிறது. அந்தப் பதிவை அக்கவுண்ட் அக்ரிகேட்டர் (வாடிக்கையாளர் சம்மதத்தோடு நிதித் தரவைப் பகிரும் ஏற்பாடு) வழியே வங்கி பார்த்தால் முன்பணத்தின் பிடி தளருமா, அல்லது வியாபாரி பணமாகவே கொடுப்பதற்கு இதுதான் காரணமா? ஒரு முழு ஆய்வேடு இதற்குள் இருக்கிறது என்பது என் கணிப்பு.

மூன்றாவது, கைரேகை. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்கள் பாறை கிழிக்காமலிருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்குகிறார்கள். ஊருக்குள் வங்கி முகவரிடம் ஆதார் வழிப் பணம் எடுக்க அந்த விரல்தான் சாவி. எத்தனை முறை வைத்தால் இயந்திரம் ஏற்கிறது, ஏற்காதபோது அவர்கள் பணத்துக்கு எங்கே போகிறார்கள் என்று அளந்து பார்க்கலாம்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் என்றால் வெளிநாட்டுப் பணம். யுபிஐயும் சிங்கப்பூரின் உடனடிப் பணப்பரிமாற்ற வசதியான பேநவ்வும் 2023 பிப்ரவரியில் இணைந்தன. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் செலவை 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழ் கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நம் வீடுகள் எங்கே நிற்கின்றன என்பது நல்ல கேள்வி. உண்டியல் பணத்தை (வங்கிக்கு வெளியே சட்டவிரோதமாக வரும் பணத்தை) மட்டும் கேள்வித்தாளில் எழுதாதீர்கள். பதில் சொல்பவரைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும் கேள்வியை நெறிமுறைக் குழு ஏற்காது, ஊரும் ஏற்காது.

கடற்கரை ஆய்வு உலகத் தரத்துக்குப் போகுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. கேரளத்தின் வட பகுதியில் 1997 முதல் 2001 வரை செல்போன் சேவை பகுதி பகுதியாக வந்தபோது மத்தி மீன் விலைக்கு என்ன ஆனது என்று ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். சேவை வெவ்வேறு நேரத்தில் வந்ததையே அவர் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தினார். சந்தைக்குச் சந்தை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது, மீனவர் லாபம் 8 சதவீதம் உயர்ந்தது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. 2007-இல் வெளியான அந்தக் கட்டுரை இன்றும் வளர்ச்சிப் பொருளியல் வகுப்புகளில் பாடம். ஃபின்டெக் ஆய்வாளர் படிக்க வேண்டிய முதல் கட்டுரைகளில் அதைச் சேர்ப்பேன்.

தரவு எங்கே கிடைக்கும்

கள ஆய்வுக்கு முன்பு இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் தரவுத்தளம், யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ.யின் மாதாந்திரப் புள்ளிவிவரம், உலக வங்கியின் ஃபின்டெக்ஸ் என்ற நிதிச் சேர்ப்புத் தரவு, நபார்டின் கிராமப்புற நிதிச் சேர்ப்பு ஆய்வு ஆகியவை அடிப்படை. மாவட்ட அளவில் வேண்டுமென்றால் போன்பே பல்ஸ் காலாண்டுத் தரவை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஒரே நிறுவனத்தின் தரவு என்பதை மட்டும் மறக்கக்கூடாது. 2018-இல் நிதி ஆயோக் தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களில் ராமநாதபுரமும் ஒன்று. அதன் மதிப்பீட்டில் நிதிச் சேர்ப்புக்கும் திறன் வளர்ச்சிக்கும் சேர்த்து 10 சதவீத எடை. ஆகவே முத்ரா கடன், காப்பீட்டுச் சேர்க்கை போன்ற மாவட்டக் குறியீடுகள் தொடர்ந்து பதிவாகின்றன. மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். மின்னஞ்சலுக்கு வராத பதில் நேரில் வரும்.

தகுதியும் நுழைவும்

2022-ஆம் ஆண்டு யூஜிசி விதிமுறைகள்தான் இப்போது அடிப்படை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு. நான்காண்டு இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நேரடியாகவே சேரலாம். எம்.ஃபில். இப்போது இல்லை, "முதல்ல எம்.ஃபில். பண்ணு" என்று யாராவது சொன்னால் அது பழைய கணக்கு.

உள்ளே போக இரண்டு வாசல். ஒன்று நெட். ஆண்டுக்கு இருமுறை நடக்கும். இரண்டு தாள்களும் சேர்த்து 150 வினா, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிவு இல்லை. 2024 ஜூன் முதல் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு, உதவிப் பேராசிரியர் தகுதியோடு, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். பின்னிரண்டு வகையின் மதிப்பெண் பிஎச்.டி. சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும் என்பதைக் கவனியுங்கள். மொழிப் பாடங்கள் நீங்கலாக வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ் வழியில் படித்தவர்கள் தேர்வுக்கு முன்பே கலைச்சொற்களை ஆங்கிலத்தில் பழகிவிட வேண்டும். பாடம் தெரிந்தும் கேள்வி புரியாமல் மதிப்பெண்ணை விடக்கூடாது.

இன்னொன்று, பல்கலைக்கழகமே நடத்தும் நுழைவுத்தேர்வு. பாதி ஆய்வு முறையியல், பாதி பாடம். தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற எடை.

நெறியாளரும் பல்கலைக்கழகமும்

பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே ஒரே நேரத்தில் வழிநடத்தலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. எனவே புகழ்பெற்றவரைத் தேடிப் போகும் முன் இடம் காலியா, ஓய்வு எப்போது என்று துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அவருடைய கடைசி ஐந்து கட்டுரைகளைப் படியுங்கள். அவரிடம் முடித்த மாணவர் ஒருவரையாவது சந்தித்து, அத்தியாயத்தைக் கொடுத்தால் எத்தனை வாரத்தில் திருத்தித் திரும்ப வருகிறது என்று கேளுங்கள். மற்ற எல்லாத் தகவலையும்விட இந்தப் பதில் பயன்படும்.

நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை; வணிகவியல், மேலாண்மை, கணினி எல்லாம் அங்கே உண்டு. தொண்டி, திருவாடானைக்காரர்களுக்கு தேவகோட்டை வழியே பக்கம். ராமநாதபுரம், பரமக்குடிக்காரர்கள் மதுரை காமராசரையும் சேர்த்துப் பார்க்கலாம். இணைப்புக் கல்லூரிகளிலும் அங்கீகாரம் பெற்ற ஆய்வுத் துறைகள் உண்டு. வீட்டைவிட்டு நகர முடியாத பெண்களுக்கு அது பெரிய வழி. வெளியே தங்க முடிந்தால் ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி, திருச்சி ஐஐஎம் மூன்றிலும் மேலாண்மையில் முனைவர் படிப்பு இருக்கிறது. வங்கித் தொழில்நுட்பத்துக்கென்றே 1996-இல் ரிசர்வ் வங்கி ஹைதராபாத்தில் தொடங்கிய ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனத்தை கணினித் துறையினர் தவறவிடக்கூடாது.

வேலையில் இருந்தபடி பகுதிநேரமாகச் செய்யலாம். பணியிடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். ஆய்வுக்கு நேரம் தருவோம், பாடப்பகுதிக்குத் தேவைப்பட்டால் விடுவிப்போம் என்று அதில் இருக்க வேண்டும். தபாலிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. செல்லாது. வெளிநாட்டுப் பெயரோடு எட்டெக் நிறுவனங்கள் விற்கும் ஆன்லைன் பிஎச்.டி.க்கு அங்கீகாரம் இல்லை என்று 2022-லேயே யூஜிசி எச்சரித்தது. விதிகளை மீறியதற்காக ராஜஸ்தானின் மூன்று பல்கலைக்கழகங்களுக்கு 2025 ஜனவரியில் ஐந்து ஆண்டுகளுக்கு பிஎச்.டி. சேர்க்கையே தடை செய்யப்பட்டது. "தீசிஸ் நாங்களே முடிச்சுத் தர்றோம்" என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன வழி

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய். இவை 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தொகைகள். கிடைக்காதவர்களுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) முனைவர் உதவித்தொகை, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. தேசிய உதவித்தொகைகள், தமிழக ஆதிதிராவிடர் நலத்துறையின் முழுநேர ஆய்வாளர் ஊக்கத்தொகை ஆகியவை உண்டு. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23-இல் நிறுத்தப்பட்டது; கீழக்கரைப் பிள்ளைகள் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். பெரும்பாலான உதவித்தொகைகள் முழுநேர ஆய்வாளருக்கே. பணம் தாமதமாக வருவதும் சகஜம் என்பதால் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

பாடப்பகுதி, களம்

சேர்ந்ததும் குறைந்தது 12 கிரெடிட் பாடப்பகுதி. அதில் ஆய்வு, வெளியீட்டு நெறிமுறை கட்டாயம். 55 சதவீதம் எடுக்க வேண்டும். இந்த மாதங்களில் ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம். ஒப்பீட்டு ஆய்வுக்குத் தேவையான பொருளளவியலை (எகனாமெட்ரிக்ஸ்) மத்திய அரசின் ஸ்வயம் ஆன்லைன் பாடங்களில் பிடிக்கலாம். கேள்வித்தாளுக்கு கோபோ டூல்பாக்ஸ் செயலி நல்லது. சிக்னல் இல்லாத இடத்திலும் போனில் பதிவாகும், தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

களத்துக்கு நாள் பார்த்துப் போகவேண்டும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நாட்களிலும் கடலுக்குப் போவது வழக்கம். படகு கரையில் நிற்கும் நாளில்தான் ஆள் நிதானமாகப் பேசுவார். முதலில் சங்கத் தலைவரையும் ஜமாத்தையும் பங்குச் சாமியாரையும் பார்த்துச் சொல்லிவிட்டு ஊருக்குள் நுழையுங்கள். இல்லாவிட்டால் லோன் தருபவர் என்றோ லோன் வசூலுக்கு வந்தவர் என்றோ நினைப்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் பதில்கள் கெட்டுப்போகும். பெண்களிடம் தனியே கேட்க ஒரு பெண் உதவியாளர் வேண்டும். கணவர் முன்னால் சொன்ன கடன் தொகையும் தனியே சொன்ன தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

"உங்கள் மாத வருமானம் என்ன?" என்று கேட்காதீர்கள். கடலில் மாத வருமானம் என்று ஒன்று கிடையாது. பத்து நாளுக்கு ஒருமுறை போய், போனமுறை வந்ததற்குப் பிறகு என்ன வந்தது, என்ன போனது, யாரிடம் வாங்கினார்கள் என்று கேட்டு எழுதும் நிதி நாட்குறிப்பு முறை இங்கே பொருந்தும். நாற்பது ஐம்பது குடும்பத்தை ஓர் ஆண்டு இப்படித் தொடர்ந்தால், ஒரே நாளில் எடுத்த 384 படிவங்கள் சொல்லாததை அது சொல்லும். ஆதார் எண், கணக்கு எண், ஓ.டி.பி., பின் நம்பர் எதையும் பதியக்கூடாது, கேட்கவும் கூடாது. பெயருக்குப் பதில் குறியீடு போட்டு, பெயர்ப் பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது; ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

எழுதி முடிப்பது

ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் அறிக்கை தர வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவில் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக இரண்டு ஆண்டு, ஆக மொத்தம் பத்து. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது, தயங்காதீர்கள்.

கட்டுரை வெளியீட்டை 2022 விதிமுறை கட்டாயமாக்கவில்லை. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் கேட்கின்றன, சேரும்போதே எழுத்தில் பாருங்கள். அங்கீகரித்த ஆய்விதழ்களின் யூஜிசி கேர் பட்டியலை 2025-இல் நிறுத்திவிட்டார்கள். அதனால் இதழின் தரத்தை நீங்களே பார்த்தாக வேண்டும். பணம் கட்டினால் நான்கு நாளில் அச்சாகும் இதழ் உங்கள் பெயரைக் கெடுக்கும்.

எழுத்துத் திருட்டுச் சோதனையில் ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஆய்வேட்டை வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் படிப்பார்கள். சமர்ப்பித்ததிலிருந்து வாய்மொழித் தேர்வு முடிய ஆறு மாதம் என்பது விதி; நடைமுறையில் இழுத்தால் தேர்வாணையர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள், தேதியோடு ரசீது வாங்குங்கள். வைவாவில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது மாதிரி தேர்வு பற்றிய கேள்வியில்தான்: ஏன் இந்த ஊர், ஏன் இந்தக் குடும்பங்கள், விட்டுப்போனவர்கள் யார். களத்தில் தினமும் எழுதிய குறிப்பேட்டை கையோடு எடுத்துப் போங்கள்.

பட்டம் தருவதற்கு முன் தற்காலிகச் சான்றிதழ் தருவார்கள். யூஜிசி விதிமுறைப்படி வழங்கப்படுகிறது என்ற வரி அதில் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே படித்துப் பாருங்கள். ஆய்வேட்டின் மின்பிரதி சோத்கங்காவுக்குப் போய்விட்டதா என்று உறுதி செய்து, பாடப்பகுதி மதிப்பெண் பட்டியல், பதிவு ஆணை, வைவா அறிவிப்பு மூன்றையும் அதோடு ஒரே கோப்பில் வையுங்கள். வேலை நேர்காணலில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு இவை எல்லாமே தேவைப்படும்.